கனகராஜ் தாண்டாத பாலம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கனகராஜ் அப்படிப் பிழைத்த பிள்ளை. பதினான்கு வயதில் உளியைப் பிடித்துக் கித்தா என்கிற ரப்பர் மரம் சீவப் போனவர், முப்பத்தொன்பதாவது வயதில் தோட்டத்தை மூடிவிட்டார்கள் என்றதும் குடும்பத்தோடு கிள்ளான் பட்டணத்துக்கு வந்து, அடுத்த இருபது வருடமும் தொழிற்சாலை வாசல்களில் ஜாகா என்கிற காவல் வேலை பார்த்தார். இரண்டு வேலையிலும் கை செய்ததைவிட வாய் செய்தது அதிகம். விடியாத நேரத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு புலி வந்து நின்றதாம். இவர் திரும்பிப் பார்க்காமலே தூக்குச்சட்டியில் இருந்த தோசையைப் பிய்த்து வீசினாராம். அது தின்றுவிட்டு, சட்னி இல்லையா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனதாம். புலி வந்தது உண்மை, தோட்டத்தில் நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். தோசை மட்டும் அவர் கைச்சரக்கு.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கும். அவர் மனைவி காளியம்மா மட்டும் அந்தக் கதைகளுக்குச் சிரிக்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் உரித்துக்கொண்டே இருப்பார்.

ஒரே ஒரு கதைக்கு மட்டும் அவர் கை நிற்கும். அது வருடத்துக்கு ஒரு தரம், டிசம்பர் மழைக்காலத்தில் ஒரு நாள் சொல்லப்படுவது. அவர்களுக்கு முதலில் பிறந்தது ஓர் ஆண் குழந்தை. பத்தொன்பது நாள் இருந்தது. முப்பதாம் நாளில்தான் பேர் வைப்பார்கள் என்பதால் பேரும் கிடையாது. வீட்டில் அவனைப் பெரியவன் என்று சொல்வார்கள். அந்த வயதுப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெண்கள் அங்கே போகக் கூடாது. ஆகவே பெரியவன் இருக்கும் இடம் அப்பனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாளில் காளியம்மா ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சிச் சாமி மேடையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்பார். கனகராஜ் சொல்வார். கித்தா மரங்களின் நிரை முடிந்து புதர் தொடங்குகிற இடம், ஆற்றோரம், பெரிய மரத்து நிழல். இரண்டாம் வருடம் அங்கே ஒரு கல் வந்து சேர்ந்தது. ஐந்தாம் வருடம் கல்லுக்குப் பக்கத்தில் செம்பருத்தி. பிறகு ஒரு வருடம் மீன்கொத்தி ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்தது.

அத்தனையும் பொய். கனகராஜ் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

பிள்ளையைப் புதைத்த அன்று காலை மழை விட்டிருந்தது. தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்திலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றி அவர்தான் தூக்கி வந்தார். முன்னால் அப்பாவு, தோட்டத்தில் எந்தச் சாவு என்றாலும் மம்புட்டியோடு வந்து நிற்கிற கிழவர். லயத்துக்கும் மரங்களுக்கும் நடுவே ஒரு பெரிய கால்வாய், அதன்மேல் ஒரு சிமெண்டுப் பாலம். பாலத்தின் பாதியில் கனகராஜுக்குக் கால் வரவில்லை. அப்பாவு திரும்பிப் பார்த்து, "குடு தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றார். இவர் கொடுத்துவிட்டார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். அரை மணி கழித்துக் கிழவர் வந்து கால்வாயில் கை கழுவிவிட்டு, "ஆச்சுப்பா" என்றார். வீட்டுக்குப் போனதும் பாயில் கிடந்த காளியம்மா எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். மனம் யோசிப்பதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது.

மறுநாள் அப்பாவுவைக் கேட்டிருக்கலாம். என் பிள்ளை எங்கே என்று இன்னொரு ஆளிடம் எப்படிக் கேட்பது? நாளை, நாளை மறுநாள் என்று தள்ளினார். மூன்று மாதத்தில் கிழவர் தெலுக் இந்தானில் மகள் வீட்டுக்குப் போனார், அங்கேயே செத்தும் போனார். கனகராஜ் வேலை பிரித்துக் கொடுக்கும் தண்டலைக் கெஞ்சித் தன் நிரையை லயத்துக்கு இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். அந்தப் பாலத்தைப் பிறகு அவர் தாண்டவில்லை. காளியம்மா மட்டும் தோட்டம் மூடும்வரை அந்தப் பக்கத்தில்தான் மரம் சீவினார். கல்லையும் மரத்தையும் தேடிப் பார்த்துவிட்டு வந்து என்றைக்குக் கேட்பாரோ என்று கனகராஜ் பயந்தே கிடந்தார். கேட்கவேயில்லை. முனியாண்டி காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் நாற்பதாம் கல்யாண நாள் வந்தது. மகள் தினேஸ்வரி, மகன் தனேஷ் இருவரும் எங்கே போகலாம் என்று கேட்டார்கள். லங்காவி என்று சொல்வதற்குக் கனகராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் காளியம்மா, ஈப்போவுக்குப் போய்விட்டு வருகிற வழியில் தோட்டத்துக்குப் போக வேண்டும், பெரியவனைப் பார்க்க வேண்டும், அப்பா இடத்தைக் காட்டுவார் என்றார். நாற்பது வருடத்தில் அவர் தனக்கென்று வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். மாட்டேன் என்று சொல்ல இவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை கிளம்பினார்கள். தினேஸ்வரி வண்டி ஓட்டினாள். நெடுஞ்சாலையில் மழைத்தூறலும் வெயிலும் மாறி மாறி வந்தன. சிலிம் ரிவர் பலகை வந்ததும் கனகராஜ் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் சாலையோரத்து எண்ணெய்ச் செம்பனைகள் ஒவ்வொன்றாக விலகிப் போய், அவை நின்ற இடத்தில் கித்தா மரங்கள் வந்து நின்றன. இலை உதிர்ந்து தரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. மேலே கொட்டை வெடிக்கும் சத்தம், பட்டென்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து தூரத்தில் இன்னொன்று. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நெடுநேரம் நடந்தார். கண் திறந்தால் தனேஷ் முன்சீட்டில் உட்கார்ந்து கச்சாங் கடலை உடைத்துக்கொண்டிருந்தான். வண்டி தாப்பாவைத் தாண்டிவிட்டிருந்தது.

ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றுகள் பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தன. அடியும் இல்லாமல் நுனியும் இல்லாமல் நடுவில் ஒரு பாறை மட்டும் வானத்தில் நின்றது. காளியம்மா கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் இருவரும் பஸ் ஏறி இங்கே வந்து படம் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். கனகராஜ் கடைக்குள்ளேயே போய், விளக்கு இங்கே இருந்தது, துணித்திரை அங்கே இருந்தது என்று விற்பனைக்கு நின்ற சீனப் பெண்ணுக்கு மலாயில் விளக்கினார். திரையில் ஏரியும் அன்னமும் வரைந்திருந்ததாம், அந்த ஏரியில் கால் நனையாமல் நின்று படம் எடுத்தது தாங்கள் மட்டும்தானாம். அந்தப் பெண் சிரித்து ஓர் உறையை விலை குறைத்துக் கொடுத்தாள். தினேஸ்வரி அப்பாவையும் அம்மாவையும் பழைய இடத்திலேயே நிற்கவைத்துப் படம் எடுத்தாள். பின்னால் ஏரிக்குப் பதிலாக நூறு கைப்பேசி உறைகள் மின்னின. ஒரு கணம், வெறும் ஒரு கணம், காளியம்மா கனகராஜின் முழங்கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டு நின்றார். தனக்கு இருபத்து நாலு வயது என்று கனகராஜுக்குத் தோன்றியது. அந்த வயதில் அவர் இன்னும் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை, புலியைத் தவிர.

ஞாயிறு காலை பசியாறிய கடையில் காளியம்மா பால் காய்ச்சித் தரச் சொல்லி ஒரு ஃபிளாஸ்கில் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு கனகராஜ் நடத்திய நாடகத்தை என்னவென்று சொல்வது? இன்னொரு கோப்பி வேண்டும் என்றார். தம்பூனுக்குப் போய்ப் பம்ளிமாஸ் பழம் வாங்க வேண்டும் என்றார், போய் வாங்கினார்கள். கோப்பெங்கில் செத்துப்போன அக்காவின் வீட்டைப் பார்க்காமல் போனால் அவள் கோபித்துக்கொள்வாள் என்றார். வீடு இல்லை. அதற்குப் பின்னால் ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய ஈயக்குட்டை மட்டும் இருந்தது. தண்ணீர் அசையாமல் மேகங்களை வைத்துக்கொண்டு கிடந்தது. மீன் பிடிக்கிறவர் தூண்டிலைப் போட்டதும் மேகம் கலைந்து, மறுபடி கூடியது. கனகராஜ் அங்கேயே அரை மணி நின்றார். நாள் இப்படியே நின்றுவிட்டால் என்ன என்று அவருக்கு இருந்தது. காளியம்மா வண்டியில் ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு அவசரப்படாமல் காத்திருந்தார்.

கடைசிச் சீட்டையும் எடுத்துப் போட்டார். தோட்டம் இப்போது வேறு கம்பெனி கையில் இருக்கிறது, கேட்டில் ஆள் இருப்பான், வெளியாளை உள்ளே விட மாட்டான், இருபது வருடம் ஜாகாவாக நின்றவன் சொல்கிறேன் என்றார்.

"நீங்க பேசுனா கேட்டு தானா தெறக்கும்லா" என்றாள் தினேஸ்வரி.

அப்படியேதான் ஆயிற்று. கேட்டில் ஒரு நேப்பாளக்காரர் உட்கார்ந்திருந்தார். முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் போதும், திரும்பிவிடலாம் என்றுதான் கனகராஜ் இறங்கிப் போனார். ஆனால் அந்த ஆளின் நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம் கண்டிருந்தது. அட்டையை மடித்து எந்தப் பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இவருக்குத் தெரியும். அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. அதைச் செய்ததும் புலிக் கதை வந்தது. ஐந்து நிமிடத்தில் நேப்பாளக்காரர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

உள்ளே லயம் இல்லை, ஸ்டோர் இல்லை, கித்தாப் பால் கொட்டாய் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. மட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் பச்சையாக இறங்கி, வண்டிக்குள் இருந்த நாலு பேர் முகமும் தண்ணீருக்கு அடியில் இருப்பவர்கள் முகம் போல் ஆகிவிட்டது. செம்மண் சடக்குப் பாதை இரண்டு முறை வளைந்தது. பாலம் வந்தது. கைப்பிடிக் கட்டை ஒரு பக்கம் உடைந்து பாசி பிடித்திருந்தது, மற்றபடி அதே பாலம். அதற்கு அப்புறம் வண்டி போகாது, சேறு. காளியம்மா பிள்ளைகளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கனகராஜ் பாலத்தைத் தாண்டினார். பாதியில் உடையாத கட்டையைப் பிடித்துக்கொண்டார். காளியம்மா முன்னால் போய்க்கொண்டிருந்ததால் நிற்கவில்லை.

ஆறு என்று அவர் வருடா வருடம் சொன்னது இப்போது ஒரு ஓடை. அதன் கரையோடு போய், அவர் ஒரு செம்பனையின் அடியில் நின்றார். நல்ல நிழல் இருந்தது. பக்கத்தில் ஒரு கல்கூட இருந்தது, அவர் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். கேட்பதற்கு இந்த உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. அப்பாவு செத்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. கையை நீட்டி, "இங்கதான் காளி" என்றார்.

காளியம்மா அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு மெல்லக் குந்தி, ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தார். ஆவி வந்தது. பாலின் வாசனை கனகராஜின் மூக்குவரை வந்தது. வெறும் மண்ணில், யாருமே இல்லாத இடத்தில், அவள் தன் பிள்ளைக்குப் பால் ஊற்றப் போகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. இந்த ஒன்று மட்டும் ஆகாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஊத்தாத."

காளியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க இல்ல காளி. எங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பாலத்தத் தாண்டவே இல்ல. அப்பாவு அண்ணே கையில குடுத்துட்டு அங்கயே உக்காந்துட்டேன். கல்லு, செம்பருத்தி எல்லாம் நானாச் சொன்னது."

சொல்லிவிட்டு நின்றார். இத்தனை வருடத்தில் அவர் பேசிய எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

காளியம்மா மூடியை மறுபடி இறுக்கினார். தொடையில் கையூன்றி எழுந்தார். "தெரியும்" என்றார். "வாங்க."

ஓடையை விட்டு ஏறி, பாலத்துப் பக்கமாகத் திரும்பி, மேட்டில் நடக்கத் தொடங்கினார். நேராக நடக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு அடி போவார், ஒரு கணம் நிற்பார், இடது தோளைக் கொஞ்சம் சாய்ப்பார், அடுத்ததற்குப் போவார். முதலில் கனகராஜுக்குப் புரியவில்லை. கால் வலிக்கிறதோ என்று நினைத்தார். பிறகு புரிந்தது. அவர் நிரையில் நடக்கிறார். இல்லாத மரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக நின்று நின்று போகிறார். செம்பனைகள் வேறு கணக்கில் நட்டவை, அவை குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு மறுபடி தன் வரிசையைப் பிடித்தார். கனகராஜின் கால்களும் தாமாகவே அந்த நடைக்கு மாறின. அவரும் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் சீவியவர்தானே. மரம், மரம், மரம். பட்டையின் ஈரம் கைக்குத் தெரிந்தது. வளைந்து நின்ற ஒரு மரம் இங்கே இருந்ததே என்று நினைத்தார். முன்னால் போன காளியம்மா அந்த இடத்தில் தலையைக் குனிந்து போனார்.

மேட்டின் பாதியில், புல்டோசரும் அசைக்க முடியாமல் விட்டுப்போன ஒரு பாறைக்குக் கிழக்கே, அவர் நின்றார். அங்கே ஒன்றுமில்லை. காய்ந்த மட்டையும் பெரணியும்தான். அவர் மட்டையை இழுத்து ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். கனகராஜும் எதிரே உட்கார்ந்தார்.

பிறகு காளியம்மா சொன்னார். அன்று அவர்கள் கிளம்பியதும் பின்வாசல் வழியாக எழுந்து வந்தாராம். கீழே கால்வாயில் விழுந்து கிடந்த மரத்தைப் பிடித்து இந்தப் பக்கம் ஏறி, மரத்துக்கு மரம் மறைந்து அப்பாவுவின் பின்னாலேயே வந்தாராம். பெண் வந்தாள் என்று தெரிந்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். அந்தப் பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தினேஸ்வரி பிறந்த பிறகும் சொல்லவில்லை, தனேஷ் பிறந்த பிறகும் சொல்லவில்லை. அப்புறம் சொல்வதற்கு நேரம் கடந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் இந்தப் பக்கம் மரம் சீவியபோது தினமும் ஒரு நிமிடம் இங்கே நின்றுவிட்டுப் போவாராம்.

"நீங்க துண்டத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்ததையும் பாத்தேன்" என்றார். "கூப்புடணும்னு இருந்துச்சு. பயத்துல கூப்புடல."

கனகராஜ் மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எல்லாம் தெரிஞ்சு ஏன் வருசா வருசம் எங்கிட்ட கேட்ட?"

"கேட்டாத்தானே அவனப் பத்திப் பேசுவீங்க. வேற யாரு பேசுனாங்க?"

மேலே மட்டைகள் உரசிக்கொண்டன. தூரத்தில் வண்டிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கனகராஜ் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தார். நாற்பத்தைந்து வருடம் சோறு போட்ட வாய் அது. கண் மட்டும் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. காளியம்மா ஃபிளாஸ்கைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். அவர் ஊற்றினார். பால் கொஞ்ச நேரம் மண்மேல் வெள்ளையாக நின்று, உள்ளே போனது.

ஃபிளாஸ்கை மூடி வைத்துவிட்டுக் கனகராஜ் கேட்டார்.

"தலை எந்தப் பக்கம் வச்சாரு?"

காளியம்மா தெற்கே கையைக் காட்டினார். பிள்ளையின் காலடியில் தான் உட்கார்ந்திருந்தது கனகராஜுக்குத் தெரிந்தது. கையை ஊன்றி எழுந்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அங்கே உட்கார்ந்து, ஈர மண்மேல் உள்ளங்கையை வைத்தார்.